அடுக்களையிலும் கூட்டுக் கணக்கு வேண்டும்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் செல்வோர் சாலையில் மாநில எல்லையைக் கடக்கின்றனர். உணவில் அப்படியோர் எல்லை இல்லை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் இரு பக்கத்திலும் மதியச் சோற்றுக்குத் துணையாவது அதே முட்டைக்கோஸ்தான். நாம் துவரன் என்கிறோம். மலையாளத்தில் அது தோரன்.

இந்த எளிய கறியை ஒரு வீட்டில் எத்தனை பேருக்குச் செய்யத் தெரியும்? பல வீடுகளில் ஒருவருக்கு மட்டுமே. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களை. அவ்வேலைகளில் ஈடுபட்டோர் பெண்களில் 81.2 விழுக்காடு; ஆண்களில் 26.1 விழுக்காடு மட்டுமே.

சேமிப்புக் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் ஆபத்துக் காலத்தில் குடும்பம் தவிக்கும் என்பதை நாம் அறிவோம். அதனால்தான் இருவரில் எவரும் இயக்கத்தக்க கூட்டுக் கணக்கைத் தொடங்குகிறோம். அடுக்களைக்கு மட்டும் அந்த முன்யோசனை ஏன் இல்லை? இல்லத்தரசி பத்து நாள் மருத்துவமனையில் படுத்தால், மூன்று வேளையும் கடைப் பொட்டலம் வருகிறது. செலவு ஒருபுறம் இருக்கட்டும். உப்பும் எண்ணெயும் குறைக்க வேண்டிய முதியவர்களும் அதையே உண்கின்றனர். நோயுற்றவரோ, வீட்டில் என்ன சாப்பிட்டார்களோ என்ற கவலையோடு படுத்திருக்கிறார்.

ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. ஊர்க் கல்யாணங்களில் பெரிய பாத்திரங்களில் தோரன் கிளறுவோர் பெரும்பாலும் ஆண்களே. வளைகுடா நாடுகளில் அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களும் தாமே சமைத்து உண்கின்றனர். ஊரிலும் வெளிநாட்டிலும் இயலும் வேலை, சொந்த வீட்டில் மட்டும் இழுக்காவது எப்படி?

கற்கத் தொடங்குவோர்க்கு முட்டைக்கோஸ் துவரனே ஏற்றது என்பது எங்கள் கருத்து. அரைக் கிலோ முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கப் தேங்காய்த் துருவல், மூன்று பச்சை மிளகாய், நான்கு சின்ன உள்ளி, அரைத் தேக்கரண்டி சீரகம், சிறிது மஞ்சள்தூள் ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, முட்டைக்கோஸையும் உப்பையும் இட்டு, சிறு தீயில் மூடி வையுங்கள். தண்ணீர் வேண்டாம்; உப்புப் பட்டதும் காய் தன் நீரை விடும். ஏழெட்டு நிமிடத்தில் அரைத்ததைச் சேர்த்துத் திறந்தபடி இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். மிகுதியாக வெந்தால் கந்தக வாடை எழும். கவனிக்க வேண்டியது அது ஒன்றே.

வரும் ஞாயிற்றுக்கிழமை, சமைக்கத் தெரியாதவரே சந்தைக்குச் சென்று காய் வாங்கி வந்து சமைக்கட்டும். முதல் முறை உப்புக் கூடலாம், குறையலாம். மூன்றாம் வாரத்தில் கை பழகிவிடும்.