ரத்தத்தைப் படிக்கும் படிப்பு நமக்கும் வேண்டும்

காடாம்புலியூர்ப் பக்கத்தில் முந்திரிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் கூலியாள் மயங்கி விழுந்தால், "வெயில் தாக்கிவிட்டது" என்று தோப்புக்காரர் சொல்லிவிடலாம். ரத்தம் பொய் சொல்லாது. பல பூச்சிமருந்துகளில் பாஸ்பரஸ் சேர்மானம் உண்டு. அது உடம்பில் ஏறினால் ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் வேகம் குன்றும். அதை அளந்து காட்டுவது உயிர் ரசாயனம். சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு, ஈரல் கெடுதல் எல்லாவற்றுக்கும் டாக்டர் பார்ப்பது இந்தப் பரிசோதனைச் சீட்டைத்தான்.

இந்தப் படிப்பில் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் நுழைய வேண்டும். பீமாவரத்தில் ஏழ்மையில் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ் (1895-1948) சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1923ல் அமெரிக்கா சென்று, ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே உயிர் ரசாயனம் ஆராய்ந்தார். நம் ஜில்லாவை நெடுங்காலம் வாட்டிய யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை, அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலேயே இந்தத் துறை உண்டு. 1929ல் தோன்றிய அக்கழகத்தைத் தமிழக அரசு 2013ல் தன் பொறுப்பில் எடுத்தது. அதன் பிறகும், அரசு கட்டணமே வேண்டுமென்று அங்குள்ள மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வாரக்கணக்கில் போராடித்தான் 2021ல் வென்றார்கள். கட்டணம் தானாகக் குறைவதில்லை, தோழர்களே!

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். உயிர் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்தால் அரசு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை நிச்சயம் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வக நுட்புநர் வேலைக்குக் கேட்பது மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்பு. அது வேறு, இது வேறு. ஆராய்ச்சிக்குப் போவதென்றால் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று இன்னும் பல வருஷம் ஆகும். அத்தனை காலம் கூலிக்காரன் வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று சேரும் நாளிலேயே கல்லூரி எழுத்து மூலம் சொல்ல வேண்டும். பட்டம் பெற்றவர் பரிசோதனைக்கூட வேலைக்குத் தகுதி பெற அரசு இலவசப் பயிற்சி தர வேண்டும். ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை மாதம் தவறாமல் கிடைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம்வரை பரிசோதனை வேலைகளுக்கு நிரந்தர ஆட்களை நியமிக்க வேண்டும்.

பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். விசாரித்துப் படிக்க வையுங்கள். நம் ரத்தத்தில் ஏறிய விஷத்தை அளந்து சொல்ல நம் வீட்டுப் பிள்ளையே அங்கே நிற்கட்டும்!