சொல்லாமற் பிடிக்கும் பணம்

முள்ளியவளைக் கமக்காரர் தராசின் முள்ளைப் பார்த்தே நெல்லைக் கொடுப்பவர். அவருக்கும் வங்கிக் கணக்கின் கழிவுகள் பிடிபடுவதில்லை.

2024ஆம் ஆண்டுப் பெரும்போகத்திற்கு உரமானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது வந்துசேர்வது வங்கிக் கணக்கிலேயாம். எனவே கணக்கு வைத்திருப்பது அவருடைய விருப்பமன்று, கட்டாயம். அக்கணக்கிலிருந்தோ அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக்குக் கட்டணம், பிற வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரத்தில் மீதியைப் பார்ப்பதற்கும் கட்டணம்! பணம் எடுக்கவும் வேண்டாம், பார்த்தாலே போதும்.

சேவைக்குக் கூலி கேட்பதை நாம் குறைகூறவில்லை. சொல்லாமற் பிடிப்பதையே கண்டிக்கிறோம். கட்டணங்களை வெளிப்படையாக அறிவிக்கவேண்டுமென மத்திய வங்கி 2023இல் ஒழுங்குவிதிகள் வகுத்துள்ளது. படிவத்தின் பொடியெழுத்துக்குள் புதைப்பது அறிவித்தலாகுமா? வன்னியின் ஒவ்வொரு கிளையிலும் கட்டணப்பட்டியல் தமிழில், பெரிய எழுத்தில், காசாளர் முன்பாகத் தொங்கவேண்டும். அட்டையைக் கொடுக்குமுன் வாயாலும் சொல்லவேண்டும்.

நம் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் அயலிலுள்ள கமக்காரரின் கணக்குப் புத்தகத்தை வரிவரியாக வாசித்துக் காட்டட்டும். விளங்காத கழிவுக்குக் கிளை முகாமையாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கட்டும். பதில் வராவிடின் மத்திய வங்கிக்கே எழுதட்டும்.