டென்ஷன் வரட்டும்... தங்கவிட வேண்டாம்!

பால் பொங்கினால் டென்ஷன். பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தால் டென்ஷன். மாமியாருக்கு காலை மாத்திரை கொடுத்தாயிற்றா இல்லையா என்பது மறந்துபோனால் டென்ஷன். மேனேஜரின் மிஸ்டு கால் என்றால் கேட்கவே வேண்டாம். பரீட்சை நேரத்தில் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்த இந்தச் சொல், இன்று யு.கே.ஜி. குழந்தையின் வாயிலும் வருகிறது: "அம்மா, என்னை டென்ஷன் பண்ணாதே!"

இதற்கு என்ன வழி என்று கேட்டால், "நாலு நாள் ஊட்டி, கொடைக்கானல்னு போயிட்டு வாங்க" என்பார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால், திரும்பி வந்து கதவைத் திறந்ததும் துவைக்காத துணியும் கட்டாத கரன்ட் பில்லும் அங்கேயேதான் காத்திருக்கும். அன்றாடம் சேர்வதை அன்றாடமே இறக்கிவைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்பதற்காக, தினமும் பெருக்காமல் இருக்க முடியுமா?

புலிக்கும் இ.எம்.ஐ-க்கும் ஒரே அலாரம்

கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ விஞ்ஞானி, 1936-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கடுங்குளிர், காயம், அளவுக்கு மீறிய உடலுழைப்பு, மருந்து என்று எலிகளுக்கு எந்தத் தொல்லை கொடுத்தாலும் அவற்றின் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டியது என்பது அதன் சாரம். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் பின்னாளில் வீடுவீடாகப் பரவக் காரணமானவரும் இவர்தான்.

மனித உடலும் அப்படித்தான். ஆபத்து என்று மூளை நினைத்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையைத் தொடங்கிவிடும். இதயம் வேகமெடுக்கும், தசைகள் இறுகும், செரிமானம் மந்தமாகும். புலி துரத்தினால் ஓடித் தப்பிக்க உதவும் ஏற்பாடு இது. ஓடி முடித்ததும் உடல் தானாக அடங்கிவிடும்.

இ.எம்.ஐ. கட்டச் சொல்லி வரும் மெசேஜுக்கும் இதே அலாரம்தான் அடிக்கிறது. ஆனால், ஓடுவதற்கு இடமில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அது அடங்குவதற்குள் அடுத்த மெசேஜ் வந்துவிடுகிறது. அலாரம் அடிப்பதில் தப்பில்லை, அணையாமல் அடித்துக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். கழுத்துவலி, வயிற்று எரிச்சல், தூக்கமின்மை, பென்சில் தொலைத்த பிள்ளை மேல் பாயும் கோபம் என்று அது வெளியே வருகிறது.

அழுது ஓய்ந்த குழந்தையிடம் ஒரு பாடம்

தேம்பித் தேம்பி அழுத குழந்தை ஓய்ந்ததும், இரண்டு தடவை மூச்சை இழுத்து நீளமாக ஒரு பெருமூச்சு விடும். அதையே பெரியவர்கள் வேண்டுமென்றே செய்யலாம். மூக்கால் நன்றாக மூச்சை இழுத்து, அதை விடாமல் மேலே இன்னொரு சின்ன இழுப்பு. பிறகு வாய்வழியாக மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானமாகும் என்பதால், விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தினமும் 5 நிமிடம் என்று ஒரு மாதம் இதைச் செய்யவைத்துப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களைவிட இவர்களிடம் மனநிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது. 5 நிமிடம் கிடைக்காவிட்டால், சிக்னலிலோ ரேஷன் கடை வரிசையிலோ நாலைந்து முறை செய்யலாம். தலை சுற்றுவதுபோல இருந்தால் நிறுத்திவிட வேண்டும்.

ஓட முடியாவிட்டால் நடக்கலாமே

ஓடுவதற்காகத் தயாரான உடலுக்கு, ஓரளவாவது அந்த வேலையைக் கொடுப்பது நல்லது. வாக்குவாதம் முடிந்த கையோடு, மொட்டை மாடியிலோ தெருவிலோ 10 நிமிடம் வேகமாக நடந்தால் கோபத்தின் சூடு தணியும். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை இப்படிப் பத்துப் பத்து நிமிடமாகவும் சேர்த்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாதவர்கள், இரண்டு தோள்களையும் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து, சட்டென்று தளர விடலாம். பிறகு கை முஷ்டி, தாடை, நெற்றி என்று ஒவ்வொன்றாக. இவ்வளவு நேரம் தோள் இறுகியிருந்ததே அப்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

தலையில் சுமப்பதைத் தாளில் இறக்கலாம்

படுத்ததும்தான் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். நாளைக்கு கேஸ் புக் பண்ண வேண்டும், பிள்ளைக்கு சார்ட் பேப்பர் வாங்க வேண்டும், தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்க வேண்டும். மறந்துவிடக் கூடாதே என்று மூளை அவற்றை உருட்டிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடித்த வேலைகளை எழுதிவிட்டுப் படுத்தவர்களைவிட, இனி செய்ய வேண்டியவற்றை 5 நிமிடம் எழுதிவிட்டுப் படுத்தவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். பழைய டைரியும் ஒரு பேனாவும் தலைமாட்டில் இருந்தால் போதும். போனில் எழுத வேண்டாம். எழுதப் போன கை எங்கே போய் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்!

அந்த போனிலும் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். ஸ்கூல் குரூப், அபார்ட்மென்ட் குரூப், சொந்தக்காரர்கள் குரூப் என்று ஒவ்வொரு 'டிங்'குக்கும் மனசு ஒருமுறை திடுக்கிடுகிறது. அழைப்புகளை மட்டும் விட்டுவிட்டு குரூப்புகளை மியூட் செய்யலாம். மியூட் செய்தது குட்மார்னிங் அனுப்பும் சித்தப்பாவுக்குத் தெரியவே போவதில்லை.

மாலை காபிக்கும் ஒரு கணக்கு உண்டு. குடித்து 5 மணி நேரம் ஆன பிறகும் காபியில் உள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். தூக்கம் வராதவர்கள் மதியத்தோடு காபியை நிறுத்திப் பார்க்கலாம். டென்ஷனுக்கு 'மருந்தாக' நினைத்து மது குடிப்பவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வரலாம், ஆனால் நடு இரவுக்குமேல் அது கலைந்து கலைந்துதான் போகும்.

'சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே!'

மூச்சுப் பயிற்சி, நடை எல்லாம் செய்தும் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பாரம் குறையாது. காரணம் எளிது. பாரத்தின் அளவே அதிகம். மத்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். நூற்றுக்கு 26 ஆண்கள்தான் அந்த வேலைகளில் கைவைக்கவே செய்தார்கள்.

நிமிடக் கணக்கில் வராத வேலை இன்னொன்று உண்டு. ஞாபகம் வைத்திருப்பது. உளுந்து தீரப்போகிறது, ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள், மாமனாருக்கு சுகர் டெஸ்ட் எடுத்து மூன்று மாதம் ஆகிறது... இத்தனையும் ஒரே தலையில். அவள் களைத்துப்போய்க் கத்தும்போது, "ஏம்மா, சொல்லியிருந்தா நான் செஞ்சிருப்பேனே!" என்று நல்ல மனதோடுதான் கேட்கிறார் கணவர். ஆனால், பார்த்துப் பார்த்துச் சொல்வதும் ஒரு வேலை என்பது அவருக்குப் புரிவதில்லை.

ஆகவே, 'உதவி' செய்வதைவிட ஒரு பொறுப்பை முழுசாக எடுத்துக்கொள்வதே பாரத்தைக் குறைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பமாக உட்கார்ந்து, ஒரு தாளில் பிரித்து எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டலாம். பெரியவர்களின் மாத்திரை அப்பாவின் பொறுப்பு என்றால், தீர்வதற்குள் வாங்கிவைப்பதும் வேளைக்குக் கொடுப்பதும் அவரே. தண்ணீர் கேன் மகனுடையது என்றால், எப்போது காலியாகும் என்று பார்த்துச் சொல்லிவைப்பதும் அவனே. ஒப்படைத்தவரும் பின்னாலேயே போய்க் குறை சொல்லக் கூடாது. தோசை கோணலாக வந்தாலும் பசி அடங்கும்.

கடன், வேலையில் பிரச்னை போன்றவற்றை வீட்டில் சொல்லாமல் தனியாகச் சுமக்கும் ஆண்களும் அதே தாளில் அதையும் எழுதலாம். வீட்டுக்குத் தெரிந்த கடனுக்குச் செலவைச் சுருக்க எல்லோரும் கைகொடுப்பார்கள். மறைத்த கடன் ஒருவரின் தூக்கத்தை மட்டுமே தின்னும்.

எப்போது உதவி தேடவேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் "வெறும் டென்ஷன்தான்" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஓயாத சோர்வுக்கும் படபடப்புக்கும் தைராய்டு கோளாறோ ரத்தசோகையோகூடக் காரணமாக இருக்கலாம் என்பதால், ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுகை வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் இது. தமிழிலேயே பேசலாம்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் நாளை காலையிலேயே தொடங்கினால், அதுவே ஒரு புது டென்ஷன் ஆகிவிடும். இந்த வாரத்துக்கு ஏதாவது ஒன்று போதும். எதில் தொடங்குவது என்று தெரியாதவர்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டும் அந்தத் தாளில் தொடங்கலாம். அதில் மட்டும்தான் வீட்டில் உள்ள எல்லோருடைய பாரமும் ஒரே நேரத்தில் குறையும்.