பிரேக் இல்லாத பைக்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பஞ்சாயத்து. காலேஜ் படிக்கிற பையன், சுலோச்சன முதலியார் பாலத்தில் பைக்கைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டினானாம். அவன் அம்மா சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “ஏலே, பிரேக்குன்னு ஒண்ணு எதுக்குல வச்சிருக்கான்?” என்று ஒரே சத்தம்.

எனக்கு லயனல் வான் ப்ராக் நினைவுக்கு வந்தார். பிரேக்கே இல்லாத பைக்கை ஓட்டி உலக சாம்பியன் ஆனவர்!

சிட்னியில் 1908-ல் பிறந்தவர். அவர் ஆடிய ஆட்டத்துக்கு ஸ்பீட்வே என்று பெயர். வண்டிக்கு ஒரே கியர்தான், பிரேக் கிடையாது. மண் தளத்தில் நான்கு பேர், நான்கு சுற்று. திருப்பமெல்லாம் இடது பக்கம்தான். பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே வேகத்தை அடக்க வேண்டும்.

1936-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் முதல் உலக சாம்பியன் போட்டி. இறுதி நாளின் ஐந்து ஓட்டத்திலும் ஜெயித்தவர் புளூயி வில்கின்சன் என்ற இன்னொரு ஆஸ்திரேலியர். ஆனால் முந்தைய சுற்றுகளின் போனஸ் புள்ளிகளையும் கூட்டியதில் அவருக்கு மூன்றாமிடம்தான். முதலிடத்துக்கு வான் ப்ராக்கும் இங்கிலாந்தின் எரிக் லாங்டனும் சமம். தனியாக ஒரு ஓட்டம் வைத்தார்கள். வான் ப்ராக் ஜெயித்தார்.

அப்புறம் போர் வந்தது. சாம்பியன் ஆஸ்திரேலிய விமானப் படையில் சேர்ந்து விமானி ஆனார். 1942 ஜனவரியில், இந்தோனேசியாவின் சும்பா நீரிணைக்கு மேலே அவர் பறந்த போக்குவரத்து விமானத்தை ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினார்கள். கீழே கடல். சுற்றிலும் சுறாக்கள். அவரும் வெப் என்ற சக விமானியும், தனியாகச் சமாளிக்க முடியாத தோழர்களைத் தாங்கிப் பிடித்தபடி, சுறாக்களை விரட்டிக்கொண்டு, சுமார் 30 மணி நேரம் தண்ணீரில் கிடந்தார்கள். இருவருக்கும் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதன் கனம் தெரியும். முழுகுகிறவன் கையில் அகப்பட்டதை இறுக்கிப் பிடிப்பான். காப்பாற்றப் போனவனையும் சேர்த்து இழுப்பான். ஐந்து நிமிஷம் ஒருவரைத் தாங்குவதே பெரும்பாடு. 30 மணி நேரம் என்றால்?

வான் ப்ராக் 1987-ல் காலமானார். வேகத்தால் கிடைத்தது கோப்பை. பதக்கம் கிடைத்ததோ, பிடித்த கையை விடாததால்.

நம் ஊரிலும் அப்படிப்பட்ட கைகள் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீருக்குள் இறங்கி அக்கம்பக்கத்தாரைத் தூக்கி வந்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். உயிர் காத்தவர்களுக்கு மத்திய அரசு ஜீவன் ரக்‌ஷா பதக்கம் தருகிறது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால், கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பையனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ சாவி?” என்றான்.

“அதை உங்க அம்மாகிட்ட கேளு மக்கா. முதல்ல நீச்சல் கத்துக்க!”