வாத்தியாருக்குப் பயிற்சியும் வேண்டும்; வகுப்பும் காலியாகக் கூடாது

"வாத்தியாரு மறுபடியும் கோர்சுக்குப் போயிட்டாராம். பிள்ளைங்க சும்மா உட்கார்ந்துட்டு வருதுங்க." நம் தோட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பேசுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பொழுது விடியுமுன் பிரட்டுக்குப் போகிற தாயும் தகப்பனும், பிள்ளை பள்ளியில் படிக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில்தான் வெயிலிலும் மழையிலும் பாடுபடுகிறார்கள். ஆனால், "படிச்சுட்டுத்தானே வேலைக்கு வந்தாரு, வாத்தியாருக்கு எதுக்கு இன்னும் பயிற்சி?" என்று சிலர் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைத்தான் ஏற்க முடியவில்லை.

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பால்வெட்டுக்குப் புதிதாக வருகிறவர் கையில் கத்தியைக் கொடுத்து, முதல் நாளே நல்ல மரத்தில் வெட்டச் சொல்வார்களா? கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் யார் வந்தாலும் ஒழுங்காக வெட்ட முடியாது. மருந்து தடவிப் பால் எடுக்கும் முறை 1970-களில் பரவியபோது, இருபது வருஷம் வெட்டிப் பழகியவர்களும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. செம்பனைக் காட்டில் அரிவாள் பிடித்தவர் கையில் மோட்டார் கத்தி வந்தபோதும் அதே கதைதான். மரத்துக்கே இவ்வளவு என்றால், பிள்ளையின் மனத்தில் வேலை செய்கிறவருக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்!

பயிற்சி இல்லாத வாத்தியார் எப்படி இருப்பார் என்பதை நம் முன்னோர்கள் கண்ணால் கண்டவர்கள். பிரிட்டிஷ்காரர் காலத்தில், 1923 தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டார்கள். ஆனால், பல தோட்டங்களில் சொல்லிக்கொடுத்தது யார்? கங்காணி, கிராணி, எழுதப் படிக்கத் தெரிந்த எவரோ ஒருவர். அவர்கள் செய்த தொண்டை மறக்கக் கூடாது. என்றாலும், பிள்ளை அரிச்சுவடி தாண்டுமுன்பே பால் வாளி தூக்கப் போனதற்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாததும் ஒரு காரணம்.

சுதந்திரத்திற்குப் பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. முதலில் சான்றிதழ், பிறகு டிப்ளோமா என்று பயிற்சி வளர்ந்தது. 2007 முதல், ஆரம்பப் பள்ளி ஆசிரியராக வர விரும்பும் எஸ்.பி.எம். மாணவர்களுக்குப் பட்டப் படிப்பே வந்துவிட்டது. முதலில் ஆயத்தப் படிப்பு, பிறகு நான்காண்டு பட்டப் படிப்பு. இன்று நம் பிள்ளைகளுக்குப் பட்டதாரிகள் பாடம் நடத்துகிறார்கள். அவர்களில் பலர் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர்கள் என்பது நமக்குப் பெருமை.

ஆனால், பட்டத்தோடு கற்பது முடிந்துவிடுவதில்லை. 2011-இல் புதிய பாடத்திட்டம் வந்தது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. "எத்தனை ஏ?" என்று கேட்டுப் பிள்ளையை எடைபோட்ட காலம் போய்விட்டது. இப்போது பிள்ளையின் அறிக்கையில் 1 முதல் 6 வரை தேர்ச்சி நிலை போடுகிறார்களே, அதை வகுப்பாசிரியரே பார்த்துப் பார்த்துக் கணிக்க வேண்டும். தேர்வுத்தாள் செய்த வேலையில் பெரும் பங்கு ஆசிரியரின் தலையில் விழுந்திருக்கிறது. கணிக்கத் தெரியாதவர் எல்லாப் பிள்ளைக்கும் 4, 5 என்று போட்டுவிட்டால், படிப்பில் பின்தங்கிய பிள்ளை யார் கண்ணுக்கும் தெரியாது. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் குட்டு வெளிப்படும். அப்போது அழுது என்ன பயன்?

ஆகவே பயிற்சி தேவைதான். கோளாறு பயிற்சியில் இல்லை. அது நடக்கும் விதத்தில் இருக்கிறது.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520-க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணம் போனார்கள். தோட்டத்தில் நின்றுபோன பள்ளிகள் பல இன்று சின்னஞ்சிறு பள்ளிகள். 150 பிள்ளைகளுக்கு மேல் இல்லாத பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறார்கள். ஐம்பதுகூட இல்லாத பள்ளிகளும் நம்மிடம் உண்டு.

இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏழு நாளாவது பயிற்சி பெற வேண்டும் என்று 2005-இல் அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது. நல்ல ஏற்பாடுதான். பட்டணத்துப் பெரிய பள்ளியில் எழுபது ஆசிரியர்கள் இருப்பார்கள். இருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். தோட்டப் பள்ளியில் ஏழே ஆசிரியர்கள் என்று வையுங்கள். ஏழு பேருக்கும் ஏழேழு நாள் வெளியூரில் பயிற்சி என்றால் மொத்தம் 49 நாள். பள்ளி நடப்பதோ ஆண்டுக்குச் சுமார் 190 நாள். அப்படியானால் நாலு நாளுக்கு ஒரு நாள் ஏதோ ஒரு வகுப்பில் வாத்தியார் இல்லை! நம் ஆட்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறதா இல்லையா?

இன்னொன்றும் இருக்கிறது. முப்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளியில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே ஆசிரியர் நடத்துவதுண்டு. ஒரு கூட்டத்துக்குப் பாடம் சொல்லும்போது, மற்றக் கூட்டத்துக்குத் தானாகச் செய்யும் வேலை கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தர வழி செய்ய வேண்டும். இது தனிக் கலை. பட்டணத்துப் பள்ளியிலேயே பழகிவிட்டு வரும் இளம் ஆசிரியை, இந்த அறைக்குள் வந்து நின்றால் திண்டாடத்தான் செய்வார்.

இதற்கு என்ன செய்யலாம்? முதலாவது, பயிற்சி பள்ளியைத் தேடி வர வேண்டும். 2013-இல் தொடங்கிய கல்வி மேம்பாட்டுத் திட்டத்தில், ஆசிரியருக்கு வழிகாட்டும் பயிற்றுநர்களை மாவட்டக் கல்வி அலுவலகங்களில் அமர்த்தினார்கள். அவர்கள் வகுப்புக்கே வந்து, ஆசிரியர் நடத்துவதைப் பார்த்து, குறைநிறை சொல்வார்கள். தொடக்கத்தில் மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களுக்கே அந்த ஏற்பாடு இருந்தது. தமிழுக்கும், இரு வகுப்பைச் சேர்த்து நடத்தும் முறைக்கும் அப்படிப்பட்டவர்கள் நம் தோட்டப் பள்ளிகளுக்கு வர வேண்டும். இரண்டாவது, பக்கத்துப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் மூன்று நான்கு ஒன்றுசேர்ந்து, பள்ளி முடிந்த பிறகு தங்களுக்குள்ளேயே கற்றுக்கொள்ளலாம். மூன்றாவது, வெளியூர்ப் பயிற்சிக்கு அழைத்தால் சிறிய பள்ளிக்கு மாற்று ஆசிரியரை அனுப்ப வேண்டும். நான்காவது, ஆசிரியர் கல்விக் கழகத்தில் படிப்பவர்களைச் சில வாரங்களாவது தோட்டப் பள்ளியில் பழக விட வேண்டும்.

இதெல்லாம் மேலிடத்து விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடக்கிறதே, அதற்கு எத்தனை பேர் போகிறோம்? போனாலும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறோம். இந்த வருஷக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். "ஏன் போனீங்க, சார்?" என்று கேட்க வேண்டாம். "என்ன கத்துக்கிட்டு வந்தீங்க, சார்? எங்க பிள்ளைங்களுக்கு அது எப்படி உதவும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சி அடைவார். மாற்று ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் மூலம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒரு பள்ளி எழுதினால் கோப்பில் தூங்கும். பத்துப் பள்ளிகள் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சம்பள உயர்வுக்குச் சங்கமாய் நின்ற மக்கள் நாம். பிள்ளையின் படிப்புக்கும் அப்படி நிற்க முடியாதா? வாத்தியாரைத் திட்டிக் காலம் கழிப்பதை விட்டு, அவருக்கு வேண்டியதை அவரோடு சேர்ந்து கேட்போம். பலன் நம் பிள்ளைகளுக்கே.