களப்போர நகரம், காட்டின் வாசல்

களப்பின் கிழக்குக் கரையிலுள்ள புத்தளம் நகரம் வில்பத்து தேசிய பூங்காவுக்குத் தென்வாசல். நகரிலிருந்து வடக்கே எழுவன்குளம் சென்று கலா ஓயாவைக் கடந்தால் காடு தொடங்குகிறது. 1938இல் தேசிய பூங்காவான வில்பத்தின் பரப்பு சுமார் 1,317 சதுர கிலோமீட்டர். மழைநீர் தேங்கும் 'வில்லு' எனும் இயற்கைக் குளங்களே அதன் உயிர். கோடையில் நீர் ஒடுங்க, கரையோரப் புல்லை மேய மான்கள் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். உள்நாட்டுப் போரால் 1988இல் மூடப்பட்ட பூங்கா 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2013இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமானது. கலா ஓயாவின் நன்னீர் களப்பிலேயே கலக்கிறது. ஆகவே ஆற்றங்கரையில் வீசப்படும் பொலித்தீன் காட்டையும் களப்பையும் சேர்த்தே கெடுக்கிறது. கொண்டுவந்த குப்பையைப் பயணிகள் திருப்பி எடுத்துச்செல்வதே இரண்டுக்கும் காவல்.

– வாசகர், குறிஞ்சிப்பிட்டி