ஐந்தாண்டு முடிந்த பைக்குகள்



வண்டி எண்ணைத் தட்டினால் போதும், காப்பீடு எந்தத் தேதி வரை என்பதை அரசின் ‘வாகன்’ தளம் காட்டிவிடுகிறது. ஆனாலும் எங்கள் பகுதி வாகனச் சோதனையில் ஹெல்மெட்டைத்தான் பார்க்கிறார்கள். காப்பீட்டைக் கேட்பது அபூர்வம்.

2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது ஷோரூமிலேயே முடிந்துவிடுகிறது. ஐந்தாண்டு கழித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது பலர் நினைவிலேயே இல்லை. அப்படிப் புதுப்பிக்காத வண்டி மோதிக் கொத்தனார் ஒருவர் கால் இழந்தால், தீர்ப்பாயம் இழப்பீடு அறிவித்தாலும் வண்டிக்காரரிடம் கொடுக்கப் பணம் இருக்காது. தீர்ப்பு நகலை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்? இத்தனைக்கும் 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி, 75 முதல் 150 சிசி வரையான பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாயும் வரியும்தான். பிடிபட்டால் முதல்முறை அபராதமே 2,000 ரூபாய்.

காப்பீடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே உரிமையாளரின் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி போகட்டும். சிக்னல் கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படிக்கும்போதே காப்பீட்டையும் சரிபார்க்கட்டும். முக்கியமாக, புதுப்பித்த பாலிசியை நிறுவனங்கள் அன்றே தளத்தில் ஏற்ற வேண்டும். பணம் கட்டியவருக்கு அபராதம் விழக்கூடாது. போக்குவரத்துத் துறை இதை உடனே கவனிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்